விரிவதற்கு முன் பறிக்க வேண்டும்

ஜனவரி 9

தம்பிக்கு,

நேற்று போனை வைத்தது நீதான். நான் வைத்துவிட்டதாக உன் மாமாவிடம் சொல்லியிருக்கிறாய். போகட்டும். இனிமேல் இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் மாமா வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது அவருக்குக் கிடைத்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கால் ஏக்கரை வாங்கினோம். வாங்கியதோடு அவர் கடமை முடிந்தது. இப்போது வாடகை வேன் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அந்த இடத்தில் என்ன வளர்ப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவள் நான்தான். பாப்பா பள்ளி முடித்து இந்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டும். வேன் சம்பளம் வீட்டுக்கே பற்றவில்லை.

எனக்கு ஆடுதான் ஆசை. ஆனால் பின்னால் புது வீடுகள் வந்துவிட்டன. அவர்களுக்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு செயலாளர். "ஆடு கட்டுற இடமா மேடம் இது? வாசனை வருமே" என்கிறார். அவர் வீட்டு நாய் தினமும் நம் வாசலில்தான் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது. அதில் வாசனை வராது போலிருக்கிறது.

காடை வளர்க்கலாம் என்று தீவனக்கடைக்காரர் சொல்கிறார். குஞ்சும் அவரிடம்தான் வாங்க வேண்டும், தீவனமும் அவரிடம்தான், வளர்ந்ததும் அவரிடமே விற்க வேண்டும். அப்புறம் நான் யார்? அவருடைய காடைகளுக்கு ஆயாவா? முயல் வளர்த்தால் பாப்பா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பாள். பெயர் வைத்த எதையும் இந்த வீட்டிலிருந்து விற்க முடியாது. கீரை போடலாமென்றால் கிணற்றுத் தண்ணீர் உப்பு.

நீ காளான் என்றதும் நான் சிரித்துவிட்டேன். அதற்குத்தானே கோபித்துக்கொண்டாய்? சரி, இப்போது சிரிக்காமல் கேட்கிறேன். விளக்கமாக எழுது.

அக்கா


ஜனவரி 25

அக்கா,

காடைகளுக்கு ஆயா என்று எழுதியிருந்ததை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருத்தன், "உங்க அக்கா உன்னை மாதிரி இல்லடா, புத்திசாலி" என்றான். அவனுக்கு இனி என் சோப்பு கிடையாது.

காளானுக்கு வருகிறேன். சிப்பிக் காளான். சத்தம் போடாது, வாசனை வராது, வேலியைத் தாண்டி ஓடாது. செயலாளர் மோப்பம் பிடித்தாலும் ஒன்றும் அகப்படாது. நிலம்கூட வேண்டாம். சமையலறையை ஒட்டி ஓடு போட்ட அறை ஒன்று பழைய சாமான் போட்டுக் கிடக்கிறதே, அது போதும். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை என்று அடைத்துத் தொங்கவிட வேண்டும். சுவரில் ஈரச் சாக்கு கட்டி, காற்று புகாமல் பார்த்துக்கொண்டால் தானாக முளைக்கும். பறிக்கப் பறிக்க மறுபடி வரும்.

உங்கள் ஊரில் ஒருநாள் இலவசப் பயிற்சி நடத்துகிறார்களாம். நோட்டீஸை இத்துடன் வைத்திருக்கிறேன். "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்யலாம்" என்று போட்டிருக்கிறார்கள். போய்விட்டு வா. இங்கே துறைமுகக் கிடங்கில் நாள் முழுக்க மூட்டை இறக்கி நான் முதுகை உடைத்துக்கொள்வதற்கு, நீ நிழலில் உட்கார்ந்து சம்பாதிப்பது எவ்வளவோ மேல். பாப்பா படிப்புக்கு நானும் அனுப்புகிறேன், ஆனால் என் கையை மட்டும் நம்பாதே.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

முளைத்துவிட்டது!

பையில் போட்ட ஓட்டைகளிலிருந்து குட்டிக் குட்டியாகக் கொத்து வந்து, மறுநாள் காலையில் பார்த்தால் என் உள்ளங்கை அகலம். முழுக்க விரிவதற்குள் பறித்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாப்பாவிடம் சொல்லாதே. பழைய நாற்காலிகளையும் உடைந்த மின்விசிறியையும் வெளியே தள்ளிவிட்டு, அந்த அறைக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். இந்த வீட்டில் நான் பூட்டித் திறக்கிற அறை என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. சாவி என் இடுப்பில்தான்.

பயிற்சிக்கு வந்த எல்லோரும் பெண்கள். சொல்லிக்கொடுத்தவன் உன் வயசுப் பையன். "பொழுதுபோக்கா செய்ங்கம்மா, லாபம் தானா வரும்" என்றான். விடியற்காலையில் எழுந்து வைக்கோல் வேகவைத்து, பிழிந்து, அடைத்து, தூக்கி மாட்டி, மூன்று வேளை தண்ணீர் தெளித்து, நடுவில் மூன்று வேளை சமைப்பதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் பொழுதுபோக்கு.

ஊர்க்காரர்கள் பரவாயில்லை. வேன் முதலாளி வீட்டுக்கு வந்தபோது உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "வீட்டுல சும்மா இருக்காளே, பொழுது போகணுமில்ல, ஏதோ வளர்க்குறா." அவர்கள் இரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்த தேநீருக்குப் பால் வாங்கியது ஓட்டலுக்கு எடுக்கிற ஆளிடம் காளான் விற்ற காசில். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். "என்னாச்சு?" என்றார். "பொழுது போகல" என்றேன்.

எதிர்வீட்டுத் தையல்காரி வந்து பார்த்துவிட்டு எனக்கும் சொல்லிக்கொடு என்று ஒற்றைக்காலில் நின்றாள். தைக்க இப்போது யார் துணி கொடுக்கிறார்கள், எல்லோரும் கடையில் தைத்ததைத்தான் வாங்குகிறார்கள். அவள் மாடி அறையில் பை கட்டிக்கொடுத்தேன். என்னைப் பார்த்து "டீச்சர்" என்கிறாள். அடிக்கிற மாதிரி கையை ஓங்கினேன். ஆனால் நன்றாக இருந்தது.

அக்கா


மே 3

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமா அப்படித்தான். பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் ஓங்கி வைத்திருக்கலாம்.

ஒரு விஷயம். ஓட்டலுக்கு எடுக்கிற ஆள் எடை போட்டுத்தானே வாங்குகிறான்? அப்படியென்றால் சின்னதாக இருக்கும்போதே ஏன் பறிக்கிறாய்? ஒரு நாள் விட்டுப் பறி. நன்றாக விரியட்டும், எடை கூடும். இங்கே என்னோடு இருப்பவனின் அண்ணன் அப்படித்தான் செய்கிறானாம். ஜன்னல் பலகையை எடுத்துவிடாதே, கோடையில் ஈரம் போய்விடும். முடிந்தால் இன்னொரு வரிசை கம்பி கட்டு. அறை உயரம்தானே, கீழிருந்து கூரைவரை தொங்கவிடலாம்.

பாப்பாவை விண்ணப்பம் போடச் சொல். இப்போது தைரியமாகப் போடலாம்.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

பாப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டியாயிற்று, நம் காளான் கட்டியது. விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ சொன்னபடி ஒரு நாள் விட்டுத்தான் பறிக்கிறேன். ஓட்டல் ஆள் தராசைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, தொழில் பிடிபட்டுருச்சு" என்றான். ஆனால் விரிந்துவிட்டால் காளான் ஒரு மாதிரி தூசி விடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் மாவு சலித்த மாதிரி வெள்ளையாக இருக்கும். விளக்கைப் போட்டால் புகை நிற்கிற மாதிரி தெரியும். தினம் கூட்டித் தள்ளுகிறேன். கூட்டினால் எழும்பி மறுபடி படிகிறது. தையல்காரியும் இதைத்தான் சொல்கிறாள். "அக்கா, மாடில பவுடர் போட்ட மாதிரி இருக்கு, நான் முகத்துக்கே போட்டதில்ல" என்று சிரிக்கிறாள்.

எனக்குத்தான் உடம்பு கொஞ்சம் சரியில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், குளிர், உடம்பு முறுக்குகிறது. காலையில் எழுந்தால் ஒன்றும் இல்லை. வேலை செய்கிறேன், மறுபடி சாயங்காலம் வந்துவிடுகிறது. இருமல் வேறு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. பாப்பா போன ஏக்கம் என்கிறார் உன் மாமா. இருக்கலாம்.

முனையில் இருக்கிற டாக்டரிடம் போனோம். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போறீங்களா?" என்றார். உன் மாமா முந்திக்கொண்டார். "இல்ல டாக்டர், வீட்டுலதான் இருக்கா." டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நானும், "ஆமா டாக்டர், சும்மாதான் இருக்கேன்" என்றேன். ஆஸ்துமா என்று வாயில் அடித்துக்கொள்கிற மருந்து கொடுத்திருக்கிறார். அடித்துக்கொள்கிறேன்.

எழுதும்போது மூச்சு வாங்குவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

ஏக்கமாம் ஏக்கம். ஏக்கத்துக்கு யாருக்காவது குளிர் காய்ச்சல் வருமா? வேனைக் கழுவுகிற நேரத்தில் பாதியை உனக்குத் தண்ணீர் தூக்கக் கொடுக்கலாமே மாமா. நான் இப்படி எழுதியதை அவரிடம் காட்டு, எனக்குப் பயமில்லை.

வேறு டாக்டரைப் பார். அதுவரை மருந்தை விடாதே. வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள், ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதே, ஓட்டல் ஆள் வேறு இடம் போய்விடுவான். பாப்பாவுக்கு அடுத்த தவணை வருகிறது. இந்த மாதம் எங்களுக்குச் சம்பளத்தைப் பாதிதான் கொடுத்தார்கள். கேட்டால், கப்பல் வரவில்லை என்கிறார்கள். கப்பல் வராத மாதத்தில் நாங்கள் சாப்பிடக்கூடாது போலிருக்கிறது.

தம்பி


நவம்பர் 6

தம்பிக்கு,

இடையில் எழுதத் தெம்பில்லை. இப்போது பரவாயில்லை.

நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பிரசவம், கூட இருக்க ஆள் இல்லை. தையல்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். அங்கே போன சில நாளிலேயே காய்ச்சல் நின்றது. இருமல் குறைந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன் என்றால் பார். உன் மாமா வந்து பார்த்துவிட்டு, "என் தங்கச்சி வீட்டுத் தண்ணி ஒத்துக்குது, நம்ம வீட்டு உப்புத் தண்ணிதான் உனக்கு ஆகல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

திரும்பி வந்த அன்றைக்கே காளான் அறையை முழுக்கச் சுத்தம் செய்தேன். தையல்காரிக்கு அவள் மாடியைப் பார்க்கவே நேரம் போதவில்லை, இங்கே எல்லாம் விரிந்து வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் உதடு நீலமாகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கண் விழித்தேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர். பாப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். என்ன வேலை என்று அவளும் கேட்டாள். சும்மாதான் இருக்கேன் என்றேன். அவள் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சும்மா யாரும் இருக்க முடியாதும்மா. காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன செய்வீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றாள். பால் வாங்குவதிலிருந்து ஆரம்பித்தேன். வைக்கோல் வேகவைப்பது, அறை, பை, சாக்கு, தரையைக் கூட்டுவது. "என்ன கூட்டுவீங்க?" என்றாள். அந்த வெள்ளைத் தூசிதான் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை தம்பி. நானும் சொல்லவில்லை. உன் மாமாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். என் வாயாலேயே சும்மா இருக்கிறேன் என்று சொன்னேன். அதைத் தொழில் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்திருக்கிறது.

அந்தத் தூசிதான் காளானின் விதையாம். விரிந்துவிட்டால் கோடிக்கணக்கில் கொட்டுமாம். எல்லோருக்கும் இப்படி ஆகாது, சிலருடைய உடம்புக்கு ஆகாது என்றாள். எனக்கு ஆகவில்லை. நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது. தோல்மேல் விழுந்த தழும்பு மாதிரிதான், போகாது என்றாள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அறையைப் பூட்டியதோடு சரியாகியிருக்குமாம்.

உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ என்ன நினைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். நினைக்காதே.

அக்கா


நவம்பர் 19

அக்கா,

நினைக்காதே என்றால் எப்படி? காளான் என்றது நான். ஜன்னலைத் திறக்காதே என்றது நான். விரியட்டும் என்றதும் நான்தான். இதில் நினைக்காமல் இருக்க எங்கே இடம் வைத்திருக்கிறாய்?

இங்கே சிமெண்ட் மூட்டை இறக்கும்போது துணி முகமூடி போடாவிட்டால் மேஸ்திரி வண்டி வண்டியாகத் திட்டுவான். எங்கள்மேல் பாசம் கிடையாது. ஆள் செத்தால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேலைக்காரன் என்று பெயர் இருப்பதால் இரண்டு கயிறு வைத்த துணி ஒன்று கிடைக்கிறது. உன்னை வீட்டில் சும்மா இருப்பவள் என்று எழுதிவிட்டதால் அதுகூடக் கிடையாது. பயிற்சி கொடுத்தவனுக்குப் போன் போட்டேன். முகமூடி பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சார், அதெல்லாம் பெரிய பண்ணைகளுக்கு. இவங்க வீட்டுல சின்னதா, பொழுதுபோக்கா செய்றவங்கதானே" என்றான். தூசிக்கு இது பெரிய பண்ணை, இது சின்னது என்று தெரியுமாடா என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

அறையைக் காலி செய்யச் சொல். நீ வாசல்பக்கம்கூடப் போகாதே. மாமா செய்யட்டும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. நான் லீவு கேட்டிருக்கிறேன், தரமாட்டேன் என்கிறார்கள், தராவிட்டாலும் வருவேன். சங்கமாவது செயலாளராவது, வந்து ஆட்டுக்குக் கொட்டகை போட்டுத் தருகிறேன். உன் ஆசைப்படி நடந்திருந்தால் இதெல்லாம் வந்தே இருக்காது.

தம்பி


டிசம்பர் 8

தம்பிக்கு,

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. பாப்பாவுக்கு இனி உன் கைதான்.

ஆட்டுக்கொட்டகை வேண்டாம். டாக்டரிடம் கேட்டேன். வைக்கோல் தூசியும் காய்ந்த புல்லும் ஆகாது. கோழியும் காடையும் இறகு உதிர்க்கும், ஆகாது. ஈரமான இருட்டறை எதுவுமே ஆகாது. "வேற என்னதான் டாக்டர் வளர்க்கலாம்?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கால் ஏக்கரில் இப்போது புல்தான் வளர்கிறது. அதைக்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பார்க்கிறேன்.

உன் மாமா அறையைக் காலி செய்தார். ஒவ்வொரு பையாகச் சுமந்து கொண்டுபோய்ப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். பாதியில் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "இத்தனையையும் நீயா தூக்கி மாட்டினே?" என்றார். இத்தனை மாதமாக அந்த அறைக்குள் அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் அவர்தான் பிடிக்கிறார். நல்லவர்தான்டா. கொஞ்சம் லேட்.

இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ திட்டுவாய். திட்டிக்கொள்.

தையல்காரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உனக்கு இதுவரை ஒன்றும் இல்லையென்றாலும் முகத்தில் துணி கட்டு, ஜன்னலைத் திற, விரிவதற்கு முன்னால் பறித்துவிடு என்றேன். ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்தால் தூசி அவ்வளவு வராது என்று டாக்டர் சொன்னாள். ஆனால் எடை நிற்காது. தையல்காரி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"உனக்குத் தொழில் போச்சு. நான் மட்டும் சம்பாதிக்கிறது பொறுக்கலையா?"

"அப்படி இல்லடி."

"எப்படி இல்ல? ஓட்டல்காரன் இப்ப என்கிட்ட வாங்குறான்ல, அதானே? விரியட்டும், எடை நிக்கும்னு சொல்லிக்கொடுத்தது யாரு? நீதானே டீச்சர்? இப்ப வந்து பிஞ்சுல பறிங்குற!"

உண்மைதானே. நீ எனக்குச் சொன்னாய், நான் அவளுக்குச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். "வெள்ளையாத்தானே இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் நூல் வாங்கப் போவதைப் பார்த்தேன். மாடிக் கதவை அவள் பூட்டுவதில்லை. துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். அந்தப் படிக்கட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். உள்ளே எல்லாம் மறுநாள் விரிகிற பக்குவத்தில் இருந்தது. ஜன்னல் பலகையைப் பிடுங்கினேன். ஒவ்வொரு கொத்தாக முறுக்கிப் பறித்துக் கூடையில் போட்டேன். என் கை பழகிய கை, வேகமாகத்தான் போனது. மூச்சுதான் கூட வரவில்லை. கடைசி வரிசைக்கு எட்டவில்லை, முக்காலியில் ஏறினேன். இறங்கி வெளியே வந்து மேல்படியில் உட்கார்ந்தேன், அதற்குமேல் என்னால் அசைய முடியவில்லை.

அவள் வந்து கூடையைப் பார்த்தாள். திறந்த ஜன்னலைப் பார்த்தாள். தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "நாளைக்குப் பறிச்சிருந்தா இதுல பாதி எடை கூடியிருக்குமே, பாவி! உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" நான் வாயைத் திறந்துகொண்டு, தண்ணீரை விட்டு எடுத்துப் போட்ட மீன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவள் நிறுத்தினாள். என் முகத்துத் துண்டை அவிழ்த்துவிட்டாள். முதுகைத் தடவிவிட்டாள். பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள். கூடையைக் காலால் தள்ளி வைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எனக்கும் பத்து நாளா சாயங்காலம் ஆனா குளிர் அடிக்குது. காலைல ஒண்ணும் இருக்கிறதில்ல. துணி தைக்கிற அசதின்னு நெனச்சேன். உனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

அக்கா